பாறு பிழைக்க என்ன செலவாகும்

செத்த விலங்கைத் தின்று வாழும் பெரிய பறவைகள் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று அமெரிக்காவின் கலிபோர்னியா காண்டோர். சிறகை விரித்தால் ஒன்பதடிக்கு மேல். மற்றது நம் ஊர்ப் பாறு, பலரும் பிணந்தின்னிக் கழுகு என்று சொல்வது. இரண்டையும் அழிவுக்கு அருகில் தள்ளியதில் பெரும்பங்கு ஒரே வகைத் தவறுக்கு உண்டு: அவை தின்னும் இரைக்குள் மனிதர் விட்டுவைத்த நஞ்சு. அங்கே வேட்டைக்காரர் சுட்ட குண்டிலிருந்து உதிர்ந்த ஈயத் துகள். இங்கே மாட்டுக்குப் போட்ட வலி ஊசி.

இரண்டு பறவைகளையும் காப்பாற்றப் பல ஆண்டுகளாகப் பணம் செலவாகிறது. அரசுப் பணம், அறக்கட்டளைப் பணம், பொதுமக்கள் தந்த நன்கொடை. அந்தப் பணம் எதைச் செய்தது, எதைச் செய்யவில்லை என்று பார்த்தால், பறவைப் பாதுகாப்புத் திட்டங்களை எப்படி எடைபோடுவது என்பது பெருமளவு விளங்கிவிடும்.

காண்டோரில் தொடங்கலாம். 1982-ல் உலகம் முழுவதும் மிஞ்சியிருந்தவை 22. இனிக் காட்டில் விட்டால் ஒன்றும் தப்பாது என்று முடிவு செய்து, 1987-க்குள் கடைசிப் பறவைவரை பிடித்துக் கூண்டுக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது மொத்தம் 27. காட்டில் ஒன்றுகூட இல்லை. லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியேகோ உயிரியல் பூங்காக்களில் இனப்பெருக்கம் நடந்தது. காண்டோர் ஒரு முறைக்கு ஒரு முட்டைதான் இடும். அந்த முட்டையை எடுத்து அடைகாப்பானில் வைத்துவிட்டால், தாய் பல நேரம் இன்னொன்று இடும். அப்படிக் கூடுதலாகக் கிடைத்த குஞ்சுகளுக்கு மனித முகம் பழகிவிடக் கூடாது என்பதற்காக, காண்டோர் தலை போலவே செய்த பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு, தட்டியின் மறைவிலிருந்து இரையை ஊட்டினார்கள். அவ்வளவு பொறுமையான வேலை அது. 1992 முதல் பறவைகளைக் காட்டில் விடத் தொடங்கினார்கள். இன்று மொத்த எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டிவிட்டது. பாதிக்கு மேல் வெளியில் பறக்கின்றன.

இதற்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 50 லட்சம் டாலர் செலவானது. அமெரிக்காவில் ஒரே ஒரு பறவைக்காக நடந்த மீட்புப் பணிகளில் இதைப்போல் செலவு வைத்தவை மிகக் குறைவு. 22 என்ற எண் 500 ஆகியிருக்கிறது என்றால் அந்தச் செலவு வீண் என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். காட்டில் விடப்பட்ட காண்டோர்களில் சாவுக்குக் காரணம் தெரிந்தவற்றில் சுமார் பாதி ஈய நஞ்சால் செத்தவை. மானைச் சுட்டு, குடலை அங்கேயே போட்டுவிட்டுப் போகிறார் வேட்டைக்காரர். அந்தக் குடலில் சிதறிக் கிடக்கும் குண்டுத் துணுக்கைக் காண்டோர் விழுங்குகிறது. அதனால் ஆண்டுதோறும் காட்டுப் பறவைகளைப் பிடித்து இரத்தம் எடுத்துச் சோதிக்கிறார்கள். ஈயம் கூடியிருந்தால் அதை வெளியேற்றும் ஊசி போட்டு, உடம்பு தேறியதும் மறுபடி விடுகிறார்கள். விட்ட பறவை திரும்பவும் அதே காட்டில், அதே குடலைத் தின்னப் போகிறது. இந்தப் பிடிப்பும் சிகிச்சையும் நின்றுவிட்டால் எண்ணிக்கை மீண்டும் சரியும் என்று 2012-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டுச் சொன்னது.

ஈயத்துக்கு மாற்றாகச் செம்புக் குண்டு கிடைக்கிறது. கலிபோர்னியா முதலில் காண்டோர் திரியும் பகுதிகளில் வேட்டைக்கு ஈயக் குண்டைத் தடுத்தது. 2019 ஜூலை முதல் மாநிலம் முழுவதும் தடுத்தது. அரிசோனாவிலும் யூட்டாவிலும் தடை கிடையாது. ஈயமற்ற குண்டை இலவசமாகக் கொடுத்து, வேட்டைக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். அதாவது மிகப்பெரிய பணம் பறவையை வளர்க்கவும் சிகிச்சை தரவும் போனது. பறவையைக் கொல்லும் பொருள் பல ஆண்டுகள் கடையில் விற்றுக்கொண்டே இருந்தது. அடுப்பை அணைக்காமல் பொங்கும் பாலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்த மாதிரி.

இப்போது பாறுக்கு வருவோம். 1990-களில் ராஜஸ்தானின் பரத்பூரில், கேவலாதேவ் தேசியப் பூங்காவில் ஆய்வு செய்துவந்த விபு பிரகாஷ், மரங்களில் பாறுகள் தலை தொங்கிப்போய் உட்கார்ந்திருப்பதையும், கூட்டுக்கடியில் செத்துக் கிடப்பதையும் கவனித்தார். சரிவு நாடெங்கும் இருந்தது. வெண்முதுகுப் பாறு 1992-க்கும் 2007-க்கும் இடையே 99.9 விழுக்காடு குறைந்தது. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று. வேறெந்தக் காட்டுப் பறவையும் இவ்வளவு வேகமாக விழுந்ததாகச் சொல்வது கடினம்.

காரணம் என்னவென்று தெரியப் பல ஆண்டுகள் ஆயின. புது வைரஸா, பூச்சிக்கொல்லியா, கன உலோகமா என்று தேடினார்கள். பாகிஸ்தானின் பஞ்சாபில் லிண்ட்சே ஓக்ஸ் தலைமையில் ஓர் ஆய்வுக்குழு செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தது. ஈரல், இதயம் என்று உள்ளுறுப்புகள் மேலெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு பூசினாற்போல் யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று அர்த்தம். ஆனால் எதனால்? ஆய்வகச் சோதனைகளில் விடை வரவில்லை. அப்போது அவர்கள் செய்தது எளிய காரியம். கால்நடை மருத்துவர்களிடமும் மருந்துக் கடைக்காரர்களிடமும் போய், மாட்டுக்கு நீங்கள் கொடுக்கும் மருந்துகளில் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது எது என்று விசாரித்தார்கள். கிடைத்த பதில் டைக்ளோஃபினாக். மனிதர்கள் மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் போட்டுக்கொள்ளும் அதே மருந்து. செத்த பறவைகளின் சிறுநீரகத்தில் தேடினால் அது இருந்தது. 2004 தொடக்கத்தில் முடிவு வெளியானது.

இந்த மருந்தின் கொடுமையைப் புரிந்துகொள்ள ஒரு கணக்குப் போதும். பாறு கூட்டமாகத் தின்னும் பறவை. ஒரு மாட்டின் பிணத்தில் ஐம்பது, நூறு என்று இறங்கும். நாளொன்றுக்கு வெகுதூரம் பறக்கும். ஆண்டுக்கு ஒரு முட்டைதான். எனவே நூறு பிணங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் டைக்ளோஃபினாக் இருந்தாலே, நடந்த சரிவு முழுவதையும் அது விளக்கிவிடும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். தடை தொண்ணூறு விழுக்காடு வேலை செய்தால் போதும் என்று நாம் நினைக்கும் பல விஷயங்கள் உண்டு. இங்கே அது போதாது.

இந்தியா 2006-ல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தது. நேபாளமும் பாகிஸ்தானும் அதே ஆண்டில், வங்கதேசம் 2010-ல். தடை சொல்வதற்கு முன் ஒரு மாற்று மருந்து தேவைப்பட்டது. இல்லாவிட்டால் காய்ச்சலிலும் மடிநோயிலும் துடிக்கும் மாட்டை வைத்துக்கொண்டு விவசாயி என்ன செய்வார்? மெலாக்சிகம் பாறுகளுக்குத் தீங்கு செய்யாது என்று முதலில் ஆப்பிரிக்கப் பாறுகளிலும் பிறகு நம் இனங்களிலும் சோதித்து உறுதிசெய்தார்கள். அந்த முடிவும் 2006-லேயே வந்தது. மொத்தப் பாறு மீட்பு வரலாற்றிலும் மிகச் சரியாகச் செலவான பணம் எது என்று கேட்டால், ஓக்ஸ் குழுவின் தேடலுக்கும் இந்தச் சோதனைக்கும் செலவான பணம் என்றுதான் சொல்வேன். ஒன்று கொலைகாரனைக் காட்டியது. மற்றது, விவசாயிக்கு நட்டமில்லாமல் அவனை வெளியேற்ற வழி கொடுத்தது.

ஆனால் தடை என்பது காகிதத்தில் தொடங்கி மருந்துக் கடையின் மேசையில்தான் முடிகிறது. மாட்டுக்கான டைக்ளோஃபினாக் போனது. மனிதர்களுக்கான டைக்ளோஃபினாக் 30 மில்லி பெரிய குப்பிகளில் வந்துகொண்டிருந்தது. ஒரு மனிதருக்கு ஒரு வேளைக்குத் தேவை 3 மில்லி. 30 மில்லி குப்பி யாருக்காக என்பது எல்லோருக்கும் தெரியும். 2007 முதல் 2010 வரை பதினொரு மாநிலங்களில் 250-க்கும் மேற்பட்ட கடைகளுக்கு ஆட்களை அனுப்பி, மாட்டுக்கு வலி மருந்து வேண்டும் என்று கேட்கச் சொன்னார்கள். 36 விழுக்காடு கடைகளில் டைக்ளோஃபினாக்கை எடுத்துக் கொடுத்தார்கள். 2015-ல் மத்திய அரசு மனிதர்களுக்கான ஊசி மருந்தையும் 3 மில்லி குப்பியில் மட்டுமே விற்க வேண்டும் என்று உத்தரவிட்டது. மருந்து நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2017-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு செல்லும் என்றது.

கடைக்கு ஆளனுப்பிக் கேட்டுப் பார்ப்பது, செத்த மாட்டின் ஈரலில் ஒரு துண்டு எடுத்துச் சோதிப்பது: இவையெல்லாம் பெரிய செலவில்லாத வேலைகள். புகைப்படத்துக்கு ஏற்றவையும் இல்லை. ஒரு குஞ்சு பொரிந்தால் செய்தித்தாளில் படம் வரும். ஒரு கடையில் டைக்ளோஃபினாக் இல்லை என்றால் யார் எழுதுவார்கள்? நன்கொடை தருபவருக்கும் காட்ட ஏதாவது வேண்டுமே. பாதுகாப்பு நிதி திரும்பத் திரும்பக் கூண்டின் பக்கம் சாய்வதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இந்தியாவிலும் கூண்டுகள் உண்டு, அவசியமாகவே உண்டு. ஹரியானாவின் பிஞ்சோரில் 2001-ல் பிரிட்டிஷ் அரசின் டார்வின் நிதியுதவியோடு பாறு பராமரிப்பு மையம் தொடங்கியது. 2004 முதல் இனப்பெருக்க மையம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், பிரிட்டனின் பறவைப் பாதுகாப்புச் சங்கம், ஹரியானா வனத்துறை ஆகியவை சேர்ந்து நடத்திய முயற்சி. பிறகு மேற்கு வங்கத்தின் ராஜாபட்காவா, அசாமின் ராணி, போபால் என்று மையங்கள் பெருகின. காட்டில் எல்லாம் செத்துவிட்டாலும் இனம் அடியோடு அழியாமல் இருக்க இது காப்பீடு. ஆனால் பிஞ்சோரிலிருந்து வெண்முதுகுப் பாறுகள் எட்டினை வெளியே விட்டது 2020 அக்டோபரில்தான். பதினாறு ஆண்டுக் காத்திருப்பு. பறவைகள் தயாராக இருந்தும் விட முடியவில்லை, வெளியே நஞ்சு தீராததால். ஒவ்வோர் ஆண்டும் அவற்றுக்கு ஆட்டிறைச்சி வாங்கிப் போட வேண்டும், கூண்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஆள் வைக்க வேண்டும். மருந்துக் கடையில் கண்டிப்புத் தளர்ந்ததன் விலையைக் கூண்டுச் செலவில் கட்டினோம்.

நேபாளத்தைப் பாருங்கள். அங்கே தடைக்குப் பின், பாறுகள் வாழும் மாவட்டம் மாவட்டமாகப் போய்க் கால்நடை மருந்துக் கடைகளில் இருந்த டைக்ளோஃபினாக்கை விலக்கி, மெலாக்சிகத்தைக் கொண்டுவந்தார்கள். நவல்பராசி மாவட்டத்தில் ஊர் மக்களே ஒரு ‘ஜடாயு உணவகம்’ நடத்துகிறார்கள். வயதாகி உழவுக்கும் பாலுக்கும் ஆகாத மாடுகளை வாங்கி, கடைசிவரை தீனி போட்டு வைத்துக்கொள்வார்கள். தானாகச் செத்தபின், மருந்து கலக்காத அந்த உடலைப் பாறுகளுக்கு விடுவார்கள். ஊருக்குப் பார்வையாளர் வருவதால் கொஞ்சம் வருமானமும் உண்டு. நேபாளத்தில் 2013-க்குப் பிறகு வெண்முதுகுப் பாறின் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. இந்தியாவில் சரிவு நின்றது. ஆனால் அப்படியோர் ஏற்றம் நாடளவில் இன்னும் தெரியவில்லை. நம்மைவிட வசதி குறைந்த நாடு, நம்மைவிடச் சிறிய தொகையில், நம்மைவிட நல்ல விளைவு கண்டிருக்கிறது.

நாம் இழந்ததன் கணக்கையும் இருவர் போட்டிருக்கிறார்கள். எயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள், முன்பு பாறுகள் நிறைய இருந்த மாவட்டங்களையும் ஆதியிலிருந்தே அதிகம் இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டார்கள். பாறுகள் போனபின், முதல்வகை மாவட்டங்களில் மனித இறப்பு விகிதம் நான்கு விழுக்காட்டுக்கு மேல் கூடியிருந்தது. 2000 முதல் 2005 வரையிலான காலத்தில் மட்டும் சுமார் ஐந்து லட்சம் கூடுதல் சாவுகள். அழுகிக் கிடக்கும் பிணங்கள், கெட்டுப்போன நீர்நிலைகள், பெருகிய தெருநாய்கள், வெறிநோய். உயிரிழப்பைப் பணமாக மாற்றிப் பார்த்தால் ஆண்டுக்கு 6,940 கோடி டாலர் இழப்பு என்று 2024-ல் வெளியான அவர்கள் கட்டுரை சொல்கிறது. இதற்குப் பக்கத்தில் இன்னோர் எண்ணை வைக்கிறேன். 2020-ல் மத்திய அரசு வெளியிட்ட ஐந்தாண்டுப் பாறு பாதுகாப்புச் செயல்திட்டத்தின் மதிப்பீடு சுமார் 207 கோடி ரூபாய். பறவையைக் காக்க இவ்வளவு பணமா என்று கேட்பவருக்கு இந்த இரண்டு எண்களையும் காட்டினால் போதும்.

உலகக் கணக்கும் இப்படித்தான் இருக்கிறது. அழியும் நிலையிலுள்ள எல்லாப் பறவையினங்களையும் ஒரு படியாவது பாதுகாப்பான நிலைக்கு உயர்த்த ஆண்டுக்கு 87.5 கோடி முதல் 123 கோடி டாலர் வரை பத்தாண்டுகளுக்குத் தேவை என்று 2012-ல் டோனல் மெக்கார்த்தியும் சக ஆய்வாளர்களும் மதிப்பிட்டார்கள். அப்போது கையில் வந்துகொண்டிருந்தது அதில் 12 விழுக்காடு. நாடுகளின் பட்ஜெட்டுகளோடு ஒப்பிட்டால் கேட்கப்படும் தொகை பெரிதே அல்ல.

வரும் சிறு பணமும் தேவை இருக்கும் இடத்துக்கே போவதில்லை. அமெரிக்காவின் அழியும் பறவைகள் பட்டியலில் மூன்றில் ஒரு பங்கு ஹவாய்த் தீவுகளைச் சேர்ந்தவை. 1996 முதல் 2004 வரை பறவை மீட்புக்கு அந்த நாடு செலவிட்டதில் ஹவாய்ப் பறவைகளுக்குக் கிடைத்தது 4 விழுக்காட்டுக்குச் சற்றே மேல். மீதமெல்லாம் பெருநிலப் பறவைகளுக்கு. 2023-ல் அமெரிக்க அரசு அழிந்துவிட்டதாக அறிவித்துப் பட்டியலிலிருந்து நீக்கிய உயிரினங்களில் ஹவாயின் காட்டுப் பறவைகள் எட்டு இருந்தன. அவற்றில் பல, அந்தச் செலவுக் கணக்குக்கு முன்பே போயிருக்கக்கூடும். ஆனால் மிஞ்சியவற்றைக் கொல்வது என்னவென்று வெகுகாலமாகத் தெரியும்: 19-ஆம் நூற்றாண்டில் கப்பலில் வந்து சேர்ந்த கொசு, அது பரப்பும் பறவை மலேரியா. உலகம் சூடாகச் சூடாக, குளிர்ந்த மலையுச்சிகளுக்கும் கொசு ஏறிவிட்டது. அங்கு கொசுவின் இனப்பெருக்கத்தைத் தடுக்க, ஆய்வகத்தில் வளர்த்த ஆண் கொசுக்களை ஹெலிகாப்டரிலிருந்து காட்டில் விடும் வேலை 2023-ல்தான் தொடங்கியது.

நம் கானமயில் கதையும் இதே வழியில் போகிறது. ராஜஸ்தானின் ஜெய்சல்மேர்ப் பக்கத்தில் பெரும்பாலும், மொத்தம் 150-க்கு மேல் இராது என்று மதிப்பிடப்படும் பறவை. ஒரு காலத்தில் தமிழ்நாட்டுப் புல்வெளிகளிலும் திரிந்தது. காடழிப்புக்கு ஈடாக நிறுவனங்கள் கட்டும் பணத்தில் உருவான ‘காம்பா’ நிதியிலிருந்து 33.85 கோடி ரூபாயை ஏழாண்டுத் திட்டத்துக்காக ஒதுக்கினார்கள். காட்டில் கிடைத்த முட்டைகளை எடுத்துவந்து 2019-ல் முதல் குஞ்சுகளைப் பொரிக்க வைத்தார்கள். 2024-ல் செயற்கைக் கருவூட்டலிலும் ஒரு குஞ்சு வந்தது. கடின உழைப்பு, பாராட்ட வேண்டியது. ஆனால் பெரிய உடம்பும், நேர் எதிரே இருப்பதை விரைவில் காணாத கண்ணமைப்பும் கொண்ட கானமயில், பாலைவனத்தில் காற்றாலைகளுக்கும் சூரிய மின் நிலையங்களுக்கும் இடையே ஓடும் உயரழுத்தக் கம்பிகளில் மோதிச் சாகிறது. கம்பியைப் புதைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2021-ல் உத்தரவிட்டது. செலவும் தொழில்நுட்பச் சிக்கலும் காரணமாக 2024-ல் அந்த உத்தரவைத் தளர்த்தி, வல்லுநர் குழுவிடம் விட்டது. மின்சாரமும் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. கம்பி இருக்கும் வானத்தில் எத்தனை குஞ்சை விட்டாலும் எண்ணிக்கை ஏறாது என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

பணம் சரியான இடத்தில் விழுந்ததற்கும் உதாரணங்கள் உண்டு. எனக்கு மிகப் பிடித்தது நமீபியாவினுடையது. ஆழ்கடலில் மைல்கணக்கான நீளத்துக்குத் தூண்டில் விடும் கப்பல்களைச் சுற்றி அல்பட்ரோஸ் போன்ற கடற்பறவைகள் இரைக்கு வட்டமிடும். தூண்டிலைக் கவ்வி, நீருக்குள் இழுபட்டுச் சாகும். இதற்குத் தீர்வு ஒரு கயிறு. கப்பலின் பின்புறத்திலிருந்து நீளமாகக் கட்டி, அதில் வண்ணப் பட்டைகளைத் தொங்கவிட்டால், அவை காற்றில் ஆட ஆடப் பறவைகள் நெருங்காது. பர்ட்லைஃப் அமைப்பும் பிரிட்டனின் பறவைப் பாதுகாப்புச் சங்கமும் 2006 முதல் நடத்தும் அல்பட்ரோஸ் பணிக்குழுவினர் கப்பல்களிலேயே மீனவர்களோடு போய் இதைக் கற்றுக்கொடுத்தார்கள். 2015-ல் நமீபியா இதைச் சட்டமாக்கியது. வால்விஸ் பே துறைமுக நகரத்துப் பெண்கள் குழு ஒன்று கயிற்றைச் செய்து விற்கிறது. அந்தத் தூண்டில் மீன்பிடிப்பில் கடற்பறவைச் சாவு 98 விழுக்காடு குறைந்தது. ஆண்டுக்குச் சுமார் 22,000 பறவைகள் தப்புகின்றன. ஒரு குஞ்சுகூடக் கூண்டில் வளர்க்கப்படவில்லை.

கூண்டே தேவையில்லை என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. மொரீஷியஸின் சிறு வல்லூறு 1974-ல் காட்டில் நான்கே இருந்தது. 1979-ல் கார்ல் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் நாட்டு இளைஞரை அங்கே அனுப்பிய அமைப்பு, திட்டத்தை மூடிவிட்டு வரச் சொல்லித்தான் அனுப்பியது. அவர் மூடவில்லை. முட்டையை எடுத்து அடைவைத்தார், காட்டுப் பறவைகளுக்கு எலி போட்டார், கூட்டுப் பெட்டி வைத்தார். பெரிய செலவில்லாத கைவேலைதான். இந்தப் பறவையைக் கெடுத்த டி.டி.டி. தெளிப்பு அதற்குள் நின்றுவிட்டதால், விட்டவை பிழைத்தன. சில நூறாகப் பெருகின. 1994-ல் விடுவிப்பை நிறுத்தினார்கள். இருபது ஆண்டு கழித்து, 2014-ல், எண்ணிக்கை குறைவதைப் பார்த்து அந்த இனத்தை மீண்டும் ஆபத்துக் கூடிய பட்டியலுக்கு மாற்ற வேண்டி வந்தது. வெற்றி என்று அறிவித்த இடத்தில் கவனிப்பும் பணமும் வற்றிவிடுவது இந்தத் துறையின் பழைய நோய்.

ஆகவே ஒரு திட்டத்தைப் பற்றிப் படிக்கும்போதோ, நன்கொடை கேட்டு யாராவது வரும்போதோ, எத்தனை குஞ்சு பொரித்தீர்கள் என்பதோடு நிறுத்தாதீர்கள். விட்ட பறவை மூன்று ஆண்டுக்குப் பிறகு உயிரோடு இருக்கிறதா? காட்டில் தானாகக் கூடு கட்டிற்றா? அதைக் கொன்றுகொண்டிருந்த காரணம் இப்போது எந்த அளவில் இருக்கிறது, அதை யார் அளக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த அமைப்புக்கு நான் தயங்காமல் கொடுப்பேன். பாறு முட்டையிடவே ஐந்தாறு வயதாகும். மூன்றாண்டு நிதி கொடுத்து எண்ணிக்கை எவ்வளவு கூடியது என்று கேட்பதும் நியாயமில்லை.

எண்ணிக்கையைப் படிப்பதிலும் நிதானம் வேண்டும். தென்னிந்தியாவில் பாறுகளின் கடைசிப் புகலிடம் மோயாறுப் பள்ளத்தாக்கும் அதைச் சூழ்ந்த முதுமலை, பந்திப்பூர், வயநாடு காடுகளும். மோயாற்றங்கரையின் நீர்மத்தி மரங்களில் வெண்முதுகுப் பாறு இன்னும் கூடு கட்டுகிறது. தமிழ்நாடு அரசு 2022-ல் பாறு பாதுகாப்புக்கு மாநில அளவில் ஒரு குழுவை அமைத்தது. இந்தக் காடுகள் பரவிய மூன்று மாநிலங்களும் ஒரே நேரத்தில் எண்ணியதில் 2023 பிப்ரவரியில் 246. அதே ஆண்டு டிசம்பரில் 320. மகிழ்ச்சியான செய்தி. ஆனால் ஆண்டுக்கு ஒரு முட்டையிடும் பறவை பத்து மாதத்தில் இவ்வளவு பெருக வழியில்லை. கூடுதலான இடங்களில் கூடுதலான கண்கள் பார்த்திருக்கும். பருவத்துக்கேற்ப இடம் மாறி வந்தவையும் இருக்கும். பத்தாண்டு தொடர்ந்து இப்படி எண்ணினால்தான் உண்மை தெரியும். அதற்கும் பணம் வேண்டும். அங்கே மருந்தைத் தவிர இன்னோர் ஆபத்தும் உண்டு: புலியோ சிறுத்தையோ மாட்டை அடித்தால், ஆத்திரத்தில் பிணத்தில் விஷம் வைத்துவிடுகிறார்கள், புலிக்கு வைத்தது பாறுகளையும் கொல்கிறது. மாட்டுக்காரருக்கு இழப்பீடு தாமதமின்றிக் கையில் கிடைத்தால் அந்த விஷம் குறையும். இழப்பீட்டுத் தொகையையும் பாறு பாதுகாப்புச் செலவாகவே கணக்கில் எழுத வேண்டும் என்பது என் கருத்து.

மருந்துக்கே திரும்பினால், டைக்ளோஃபினாக்கோடு பிரச்சினை தீரவில்லை. கீட்டோபுரோஃபென் பாறுகளைக் கொல்லும் என்று 2010 வாக்கிலேயே ஆய்வு முடிவுகள் வந்துவிட்டன. அசிக்ளோஃபினாக் மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடுகிறது. இவ்விரண்டையும் கால்நடைப் பயன்பாட்டில் இந்தியா தடை செய்தது 2023-ல். நிமிசுலைடு தடையானது 2024 இறுதியில். ஒவ்வொரு மருந்தும் முதலில் கடைக்கு வந்தது, பறவைகள் செத்தன, ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள், கோப்பு நகர்ந்தது, பிறகு தடை. ஃபுளுநிக்சின் குறித்து எச்சரிக்கைகள் இப்போது வந்துகொண்டிருக்கின்றன.

பாறு பாதுகாப்பு அமைப்புகள் பல ஆண்டுகளாகக் கேட்பது, இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றச் சொல்லி. மாட்டுக்கான வலி மருந்து எதுவானாலும் பாறுகளுக்குப் பாதுகாப்பானது என்று சோதித்துக் காட்டிய பின்பே உரிமம், சோதனைச் செலவு மருந்து விற்கும் நிறுவனத்துடையது. மெலாக்சிகத்துக்கும் டோல்ஃபெனாமிக் அமிலத்துக்கும் அந்தச் சோதனை ஏற்கெனவே நடந்து, இரண்டும் தேறியிருக்கின்றன. எப்படிச் சோதிப்பது என்பது தெரிந்த விஷயம். கால்நடை மருத்துவர் கையில் இன்றே கொடுக்க இரண்டு மருந்துகள் இருக்கின்றன. பிஞ்சோரிலும் மற்ற மையங்களிலும் அடுத்த விடுவிப்புக்கான பறவைகள் வளர்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றை எப்போது, எத்தனை, எந்த மாவட்டத்தில் விடலாம் என்பதை அந்த மாவட்டத்து மருந்துக் கடைகளில் என்ன விற்கிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.